பழையது எது? புதியது எது?

மாநாட்டுக்கு ஏற்பாடு நடக்கிறது என்கிறோம். மணவிழாவுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது என்கிறோம். பந்தல் போடுவதும் பாய் விரிப்பதும் நமக்கு ஏற்பாடுதான். அந்த எளிய சொல்லே ஒரு பெரும் நூலின் இரு பகுதிகளுக்கும் பெயராகி நிற்கிறது: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. தமிழில் வழங்கும் விவிலியத்தைத் திறந்தவுடன் கண்ணிற்படுபவை இவையே. ஆனால் நூலுக்குள் நுழைந்தால் 'ஏற்பாடு' மறைந்துவிடுகிறது. 'உடன்படிக்கை' வந்து நிற்கிறது. எபிரெயர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை எட்டினாலோ, அதுவும் விலகி, 'மரணசாசனம்' என்ற மூன்றாம் சொல் முகங்காட்டுகிறது. ஒரே கிரேக்கச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள்!

இதனை மொழிபெயர்த்தோரின் தடுமாற்றம் என்று தள்ளிவிட வேண்டா. மூலத்திலேயே முடிச்சு இருக்கிறது. எபிரேய மொழியில் அச்சொல் 'பெரித்'. இருவர் கூடிச் செய்துகொள்ளும் உடன்படிக்கை என்பது அதன் பொருள். அதனைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தோர் 'தியாதேக்கே' என்றனர். அன்றாடக் கிரேக்கத்தில் அது பெரும்பாலும் உயிலைக் குறிக்கும். இலத்தீனில் 'தெஸ்தமென்தும்' ஆயிற்று. அதற்கும் உயில் என்ற பொருளே முந்தி நிற்கும். உடன்படிக்கை இருவருடையது, உயில் ஒருவருடையது. உடன்படிக்கையில் இரு தரப்பும் பேசலாம். உயிலில் எழுதியவர் மட்டுமே பேசுவார், பெறுபவர் கைநீட்டுவார். கிறித்தவம் தனக்கு முந்தைய யூத நூலை எப்படிப் படித்தது என்ற வரலாறு முழுவதும், ஒருவகையில், இந்த இரு பொருள்களுக்கும் இடையே நடந்த வழக்கு என்றே சொல்லலாம். உயில் யார் பெயருக்கு? சொத்து யாருக்கு? அவ்வழக்கைத்தான் இங்கே ஆராய முற்படுகிறோம்.

அரசன் எழுதிய ஓலை

பழைய நூலில் உடன்படிக்கை ஒன்றன்று, பல. வெள்ளம் வடிந்தபின் நோவாவோடு ஒன்று. அதற்கு அடையாளம் வானவில். ஆபிரகாமோடு ஒன்று, விலங்குகளை இரண்டாகப் பிளந்து வைத்து, அப்பிளவுகளின் நடுவே தீ கடந்து சென்றதாகக் கதை. விருத்தசேதனம் அதன் அடையாளமாயிற்று. சீனாய் மலையில் மோசேயின் வழியாக ஒன்று. பலியிட்ட காளைகளின் குருதியில் பாதியைப் பலிபீடத்தின்மீதும் பாதியை மக்கள்மீதும் தெளித்து அது உறுதி செய்யப்பட்டது. தாவீதின் அரசமரபுக்கு ஒன்று.

இவை வானிலிருந்து இறங்கிய வடிவங்களா? இல்லை. அக்கால மேற்காசிய அரசர்கள் சிற்றரசர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் வடிவத்தையே இவற்றிற் பலவும் தாங்கியுள்ளன. 1955இல் இன்றைய ஈராக்கிலுள்ள நிம்ருதில் அசீரிய மன்னன் எசர்ஹத்தோனின் ஒப்பந்தக் களிமண் பலகைகள் கிடைத்தன. காலம் கி.மு. 672. மன்னனுக்குப் பின் அவன் மைந்தனுக்கு உண்மையாக இருப்பதாகச் சிற்றரசர்கள் ஆணையிட வேண்டும். தவறினால் இன்னின்ன சாபங்கள் என்று பட்டியல் நீள்கிறது. அப்பட்டியலையும் உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்தையும் அருகருகே வைத்துப் படித்த அறிஞர்கள் ஒற்றுமையைக் கண்டு வியந்தனர். பேரரசனுக்குச் செலுத்தவேண்டிய பற்றைத் தம் கடவுளுக்குச் செலுத்தச் சொன்னார்கள் அந்நூலை எழுதியோர். அடிமைப்பட்ட சிறு நாடு ஒன்று, ஆண்டவனின் மொழியில் அரசனை மறுத்தது என்றும் அதனைக் கொள்ளலாம். மனிதன் தன் காலத்து ஓலையைக் கொண்டே தன் கடவுளின் ஓலையையும் எழுதினான் என்பது மட்டும் உறுதி.

'புதிய உடன்படிக்கை' என்ற தொடர் பிறந்ததும் கிறித்தவத்தில் அன்று. எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த காலத்தின் குரலாகிய எரேமியாவின் நூலில், 31ஆம் அதிகாரத்தில், அது வருகிறது. கல்லில் அன்று, உள்ளத்தில் சட்டம் எழுதப்படும். ஒருவனுக்கொருவன் கடவுளைப் பற்றிக் கற்பிக்க வேண்டியிராது. சிறியோரும் பெரியோரும் தாமே அறிவர் என்பது அதன் சாரம். தோற்றுப்போன மக்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. அழகான கனவு. கடவுளைக் கற்பிப்போர் அதன்பின் பெருகினரேயன்றிக் குறையவில்லை என்பது வேறு செய்தி!

ஒரு நிருபத்தின் வாதம்

எரேமியாவின் இப்பகுதியை எடுத்து முழுமையாகத் தன்னுள் பதித்துக்கொண்டது எபிரெயர் நிருபத்தின் எட்டாம் அதிகாரம். புதிய ஏற்பாடு முழுவதிலும் பழைய நூலிலிருந்து எடுத்தாளப்பட்ட பகுதிகளுள் மிக நீண்டது இதுவே. நிருபத்தை எழுதியவர் யாரென்று தெரியாது. பவுல் என்று நெடுங்காலம் நம்பினர். நடையை நுணுகிப் பார்த்தோர் பழங்காலத்திலேயே ஐயுற்றனர். யாராயினும் தேர்ந்த எழுத்தாளர். அவருடைய வாதத்தைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, முகவரி. எரேமியா சொல்லும் புதிய உடன்படிக்கை இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் செய்யப்படுவது. நிருபமும் அச்சொற்களை மாற்றவில்லை. ஆனால் பின்வந்த திருச்சபையோ, யூதரல்லாத தன்னையே அம்முகவரிக்கு உரியவளாக்கிக் கொண்டது. கடிதம் ஒரு வீட்டுக்கு வந்தது; பிரித்துப் படித்தது அடுத்த வீடு.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. எரேமியாவின் எபிரேய மூலத்தில், நான் அவர்களுக்கு நாயகனாக இருந்தும் அவர்கள் உடன்படிக்கையை மீறினார்கள் என்ற கருத்து வருகிறது. நிருபம் பயன்படுத்திய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ, நான் அவர்களைப் புறக்கணித்தேன் என்றிருக்கிறது. ஒன்று கைவிடப்பட்ட கணவனின் புலம்பல். மற்றொன்று கைகழுவிய தலைவனின் தீர்ப்பு. ஐயமுள்ளோர் தமிழ் விவிலியத்தில் எரேமியா 31ஆம் அதிகாரத்தின் 32ஆம் வசனத்தையும் எபிரெயர் 8ஆம் அதிகாரத்தின் 9ஆம் வசனத்தையும் எடுத்து வைத்து ஒப்பிடலாம். ஒரே அட்டைக்குள் ஒரே வாக்கியம் இரு வேறு பொருளில் நிற்பதைக் காணலாம்.

மூன்றாவது, நிறுத்திய இடம். நிருபம் எரேமியாவின் 34ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அடுத்த மூன்று வசனங்களில் எரேமியா என்ன சொல்கிறார்? கதிரவனும் நிலவும் தம் ஒழுங்கினின்று பிறழாத வரையில் இஸ்ரவேலும் ஒரு மக்களினமாக இல்லாமற்போகாது என்கிறார். அதை விட்டுவிட்டு, புதியது என்று சொன்னதனாலேயே முந்தியது பழையதாயிற்று, பழையது மறையும் தறுவாயில் இருக்கிறது என்ற முடிவுக்கு நிருபம் வருகிறது. சான்றாக அழைத்த சாட்சியின் வாயை, அவர் அடுத்த சொல்லைச் சொல்லுமுன் பொத்திவிட்டார் வழக்குரைஞர்!

நான்காவது, சொல் விளையாட்டு. உயில் செல்லவேண்டுமானால் எழுதியவர் இறக்க வேண்டும். ஆகவே இயேசுவின் மரணம் தேவையாயிற்று என்கிறார். 'தியாதேக்கே' என்ற சொல்லின் இரு பொருளும் தெரிந்தோர்க்கு இது சுவையான திருப்பம். ஆயின், முதல் உடன்படிக்கையும் குருதியின்றி நிறைவேறவில்லை என்று உடனே மோசேயின் பலிகளைக் காட்டுகிறாரே. இறந்தவை கன்றுகளும் கடாக்களும் அல்லவா? உயிலை எழுதியவை அவையா? சொற்சுவை வேறு, சான்று வேறு. இலக்கியம் என்று படித்தால் கைதட்டலாம். வாதம் என்று வைத்தால் கைவிரிக்க வேண்டியதுதான்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இப்படி வெட்டியும் ஒட்டியும் பொருள் கொள்வது அக்கால யூத உரையாசிரியர்களின் பொது வழக்கம். நிருபக்காரரும் அம்மரபில் வந்தவரே. ஒரு குடும்பத்துக்குள் நடந்த வாக்குவாதம் அது. பின்னாளில் குடும்பம் பிரிந்தது. வாக்குவாதம் மட்டும் தீர்ப்பாகி நின்றது. கேடு அங்கேதான் தொடங்கிற்று.

ஒருவரிடம் இரு குரல்

பவுலிடமும் இந்த இழுபறியைக் காணலாம். கலாத்தியருக்கு எழுதும்போது, ஆபிரகாமின் இரு மனைவியரை இரு உடன்படிக்கைகளாக உருவகிக்கிறார். அடிமைப்பெண் ஆகார் சீனாய் மலைக்கு உவமை. சாராள் விடுதலைக்கு உவமை. அடிமைப்பெண்ணைத் துரத்திவிடு என்று முடிக்கிறார். சாராளையே தம் தாயாகக் கொண்ட யூதர்கள் இவ்வுருவகத்தில் ஆகாரின் பிள்ளைகளாகிவிட்டனர்! ஆனால் அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது குரல் மாறுகிறது. நீங்கள் ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளை, வேர்தான் உங்களைச் சுமக்கிறது, செருக்கு வேண்டா என்கிறார். கடவுள் கொடுத்ததையும் அழைத்ததையும் திரும்பப் பெறுவதில்லை என்கிறார். மத்தேயுவின் இயேசுவோ, சட்டத்தை அழிக்க வரவில்லை, நிறைவேற்றவே வந்தேன் என்கிறார். புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே பழையதைப் பற்றி ஒரே கருத்து இல்லை. ஆகவே, விவிலியம் சொல்கிறது என்று எவரேனும் தொடங்கினால், எந்தப் பக்கம் என்று கேட்பதே அறிவுடைமை.

மார்சியோனின் கத்தரிக்கோல்

இந்த முரண்பாட்டை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் ஒருவர் இருந்தார். கருங்கடற்கரையின் சினோப்பேயிலிருந்து ரோமுக்கு வந்த கப்பல் வணிகர் மார்சியோன். பழைய நூலின் கடவுள் வேறு, இயேசு காட்டிய அன்புக் கடவுள் வேறு என்றார் அவர். பழைய நூலை முழுவதும் தள்ளினார். லூக்காவின் சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் கொண்டு, அவற்றிலும் தமக்கு ஒவ்வாதவற்றை வெட்டி, ஒரு தொகுப்பை அமைத்தார். நாம் அறிந்தவரை கிறித்தவத்தில் தோன்றிய முதல் வரையறுத்த நூற்பட்டியல் அதுவே. கி.பி. 144இல் ரோமத் திருச்சபை அவரை விலக்கி, அவர் அளித்திருந்த பெரும்பொருளையும் திருப்பித் தந்தது என்பர். கொள்கைக்காகக் காணிக்கையைத் திருப்பித் தந்த செய்தி சமய வரலாற்றில் அரிது, பாராட்டுவோம்.

திருச்சபை இரு நூல்களையும் வைத்துக்கொண்டது. எப்படி வைத்துக்கொண்டது? பழையதில் நிழல், புதியதில் உருவம் என்றது. செங்கடல் ஞானஸ்நானத்துக்கு முன்னடையாளம்; ஈசாக்கின் பலி சிலுவைக்கு முன்னடையாளம். யூதனின் நூல் வேண்டும். அந்நூலுக்கு யூதன் சொல்லும் பொருள் வேண்டா. இதுவே அன்று கண்ட வழி.

பிரித்தது யார்?

கதைகளுக்கு நிழல் போதும். சட்டங்களை என்ன செய்வது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் பழைய சட்டத்தை மூன்றாக வகுத்து விளக்கினார்: அறச்சட்டம், சடங்குச்சட்டம், ஆட்சிச்சட்டம். 1646இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இவ்வகுப்பையே கொண்டது. முதலாவது நிற்கும், மற்றவை போயின என்பது முடிபு.

நல்லது, அந்தக் கோடு நூலில் எங்கே கிடக்கிறது? லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் வசனம், உன்னைப்போல் பிறனையும் நேசி என்ற கட்டளை. 19ஆம் வசனம், இருவகை நூல் கலந்த ஆடையை உடுத்தாதே என்ற கட்டளை. இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே கையொப்பம். முன்னது என்றும் நிலைக்கும் அறம் என்றும், பின்னது காலாவதியான சடங்கு என்றும் பிரித்தது எது? நூலன்று, படிப்பவனின் அறிவு. பத்துக் கட்டளைகளுள்ளும் ஒன்று ஓய்வுநாளைப் பற்றியது. அது ஏழாம் நாள், அதாவது சனி. பெரும்பாலோர் ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டனர். 1863இல் அமைப்பாக உருவான ஏழாம்நாள் அட்வெந்து சபையினர், கட்டளை கட்டளைதானே என்று சனியையே பற்றி நிற்கின்றனர். நூலளவில் பார்த்தால் அவர்களை எப்படி மறுப்பது?

ஆடைக்கும் ஓய்வுநாளுக்கும் வந்த வழக்கு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மனிதனின் கழுத்துக்கே வந்தது. அமெரிக்காவில் அடிமைமுறையைக் காத்தோர் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைக் காட்டினர். புதிய ஏற்பாட்டிலிருந்து, ஓடிப்போன ஒநேசிமுவைப் பவுல் எசமானனிடம் திருப்பி அனுப்பியதைக் காட்டினர். எதிர்த்தோரும் பழைய நூலையே விரித்தனர்: மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரணத் தண்டனை என்ற யாத்திராகமத்தை, தப்பி வந்த அடிமையை எசமானனிடம் ஒப்படைக்காதே என்ற உபாகமத்தை. 1845இல் அடிமை வழக்கின்மீதே பாப்திஸ்து சபையினர் பிளந்து, தெற்கத்தியர் தனிப் பேரவை கண்டனர். அப்பேரவை அடிமைமுறைக்குத் துணைநின்றதற்காக மன்னிப்புக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது 1995இல். நடுவே நூற்றைம்பது ஆண்டுகள். அந்நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது மனிதனின் மனச்சான்று.

கண்கட்டிய கற்சிலை

பழையது என்று ஒரு நூலைச் சொன்னால் நூலுக்கு நோவதில்லை. அந்நூலையே உயிராகக் கொண்ட மக்களைப் பழையவர்கள், கழிந்தவர்கள் என்று சொன்னால்?

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் தென்வாயிலில், ஏறத்தாழ 1230இல் செதுக்கப்பட்ட இரு பெண்சிலைகள் புகழ்பெற்றவை. ஒருத்தி திருச்சபை: தலையில் முடி, கையில் சிலுவை, நிமிர்ந்த நோக்கு. மற்றவள் யூத ஆலயம்: கண்ணிலே கட்டு, கையிலே முறிந்த ஈட்டி, நழுவும் கற்பலகை. மோசேயின் நூலைப் படிக்கும்போது அவர்கள் உள்ளத்தில் திரை கிடக்கிறது என்று பவுல் எழுதிய உவமை, இங்கே கல்லில் கண்கட்டாயிற்று. கலையழகு மிக்க சிலை. அதனாலேயே கொடுமையும் மிகுதி. கற்சிலையோடு நின்றதா? 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பேரவை, யூதர்கள் ஆடையால் வேறுபடுத்திக் காட்டப்பட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. உவமை உடையாயிற்று, உடை அடையாளமாயிற்று, அடையாளம் தாக்குவோர்க்கு வழிகாட்டியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டிலே மார்சியோனின் கத்தரிக்கோலை வேறு கைகள் எடுத்தன. 1933 நவம்பரில் பெர்லின் விளையாட்டரங்கில், இட்லரை ஏற்ற 'ஜெர்மன் கிறித்தவர்' இயக்கத்தினர் ஏறத்தாழ 20,000 பேர் கூடினர். பழைய ஏற்பாட்டைத் திருச்சபை விட்டொழிக்க வேண்டுமென்று அம்மேடையில் முழங்கப்பட்டது. 1939இல் ஐசனாக் நகரில், கிறித்தவ வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே ஓர் ஆய்வுக்கழகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, யூதச் சுவடு நீக்கிய புதிய ஏற்பாடு ஒன்றை அது வெளியிட்டது. இதற்கெல்லாம் மார்சியோன் பொறுப்பல்லர். அவர் வேறு காலத்தவர், வேறு நோக்கத்தவர். ஆயினும், வேண்டாதவர் நூல் என்று வெட்டத் தொடங்கிய கை, எங்கே போய் நின்றது என்பதை ஐரோப்பா கண்டது.

நம் மேடையின் பிழை

இளைஞர்களே! இங்கே நமக்கும் ஒரு சொல் உண்டு. பழைய ஏற்பாட்டின் கடவுள் கொடியவர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பர் என்று நம்மவரும் மேடையில் பேசிவிடுகின்றனர். பகுத்தறிவு பேசுவதாக அவர்கள் எண்ணம். பேசுவது மார்சியோனின் பாடம். உண்மை அவ்வளவு எளிதன்று. பிறனை நேசி என்பது பழைய நூலில் பிறந்தது. அயல்நாட்டானையும் உன்னைப்போல் நேசி என்பதும் அதே அதிகாரத்தில் வருகிறது. எதிரி நகரமான நினிவேயின் மக்களுக்காக மட்டுமன்றி, மாடுகளுக்காகவும் இரங்கும் கடவுளைக் காட்டுவது யோனாவின் நூல். மறுபுறம், அவியாத நெருப்பும் சாகாத புழுவும் கொண்ட நரகத்தை விரித்துரைப்பது புதிய நூல். இரண்டிலும் இரக்கமும் உண்டு, இரக்கமின்மையும் உண்டு. எழுதியோர் மனிதர் என்பதால். ஒரு நூலைக் கண்டிக்குமுன் அதைப் படிக்க வேண்டும். படியாமல் பழிப்பதும் படியாமல் பணிவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

திருத்தமும் நம் கேள்வியும்

இட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்களின் சாம்பலுக்குப் பிறகு, திருச்சபை தன் விளக்கத்தைத் திரும்பிப் பார்த்தது. 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் பேரவை, இயேசுவின் மரணப்பழியை அன்றைய யூதர் அனைவர்மீதும், இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது என்று அறிவித்தது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒலிவமரம் அங்கே மீண்டும் தளிர்த்தது. 1980இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் போப் இரண்டாம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் நீக்கப்படாதது என்ற கருத்தில் பேசினார். 2015இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், யூதரை மதம் மாற்றுவதற்கெனத் தனி அமைப்புமுறைப் பணி எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதில்லை, ஆதரிப்பதுமில்லை என்றது. அதே ஆவணம், மீட்புக்கு இரு வழிகள் இல்லை என்றும் சொல்கிறது. நீக்கப்படவில்லை, ஆனால் தனி வழியுமன்று! முடிச்சு முற்றும் அவிழவில்லை. சீர்திருத்தத் திருச்சபைகள் பலவும் இதே முடிச்சோடு போராடுகின்றன.

மனம் மாறியவர்களை ஏளனம் செய்வது நம் வேலையன்று. தவற்றை ஒப்புவது பெருமை. நாம் கேட்பது ஒன்றே. 1230இல் கண்ணைக் கட்டியவர்கள் படித்ததும் பவுலைத்தான். 1965இல் கட்டை அவிழ்த்தவர்கள் படித்ததும் பவுலைத்தான். நூல் அதுவே; முடிவு வேறு. எனின், முடிவை மாற்றியது எது? பிணக்குவியலைக் கண்ட மனிதனின் நெஞ்சம். இது தகாது என்று சொன்ன அவனது அறிவு. நூலை நிறுத்தும் தராசு நூலுக்கு வெளியே, மனிதன் கையில் இருக்கிறது. அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? ஒப்புக்கொள்ளாத வரையில், நல்ல முடிவும் நாளை மற்றொரு வசனத்தால் மாற்றப்படலாம் அன்றோ?

2015 செப்டம்பரில், அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புதிய சிற்பம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கும் அதே இரு பெண்கள். ஆனால் எவள் கண்ணிலும் கட்டில்லை. எவள் கையிலும் முறிந்த ஈட்டியில்லை. இருவரும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தியின் நூலை மற்றொருத்தி எட்டிப் பார்க்கிறாள்.

சிற்பியின் உளி அந்த இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆயின. கண்கட்டை அவிழ்த்தது பழைய ஏற்பாடுமன்று, புதிய ஏற்பாடுமன்று. அவிழ்த்தவை மனிதக் கைகள். கட்டியவையும் அவையே என்பதை மறவாதிருப்போம்!